எத்தனையாவது தோட்டா சிக்குகிறது?

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய .315 ரைஃபிளுக்கான லைசென்ஸ் வாரிசு முறையில் என் பெயருக்கு மாறியிருக்கிறது. இஷாப்பூர் தயாரிப்பு. பார்ப்பதற்குப் பட்டாளத்து .303 போலவே இருக்கும். 'மிலிட்டரி சர்ப்ளஸ்' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ரேஞ்சில் ஐந்து தோட்டா நிரப்பினால் முதல் இரண்டு ஒழுங்காகப் போகின்றன. அதற்குப் பிறகு ஏதாவது ஒன்று, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பர் வாயில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. சில சமயம், தோட்டாவை முன்னே தள்ளி மூடும் போல்ட், தோட்டாவை எடுக்காமல் அதன் மேலேயே வழுக்கிப் போகிறது. போல்ட்டை மூடும்போது கடைசியில் ஓர் இறுக்கமும் இருக்கிறது. மேகசீனின் (தோட்டாப் பெட்டி) உதட்டை, அதாவது வாயோர மடிப்பை, பிளையரால் வளைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். சேம்பருக்கு முன்னால் உள்ள சரிவை அராவச் சொல்கிறார் இன்னொருவர். .303 மேகசீன் ஒன்று கிடைக்கும், மாட்டிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், பெரம்பூர்

பதில்: இப்போதைக்கு மூவர் சொல்வதையும் ஒதுக்கிவையுங்கள். மூன்றுமே உலோகத்தில் கை வைக்கிற வேலை. கோளாறு எங்கே என்று தெரியுமுன் அதைச் செய்தால், சரியாக இருந்த பாகமும் கெட்டுப்போகும்.

முதலில் உங்கள் துப்பாக்கி எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அது ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கி அல்ல. .303 தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். பிரிட்டிஷ் ஆட்சியிலேயே ராணுவத் தோட்டா ரகங்கள் பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான் .315. ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவை எடுத்து, பட்டாளத்து .303-ஆன லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் இயங்கும் பாகங்களான ஆக்‌ஷனில் பொருத்தினார்கள். முதலில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்தது, பிறகு இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்தது. ஆகவே போல்ட், கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், மேகசீனைத் தாங்கும் கொக்கி எல்லாம் .303 வழிமுறை, தோட்டா மட்டும் வேறு. பட்டாளத்துத் துப்பாக்கிக்கு வருகிற நோய்கள் அத்தனையும் இதற்கும் வரும். தோட்டா மாறியதால் மேகசீன் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

அதனால்தான் .303 மேகசீன் யோசனை ஆகாது. .303 தோட்டாவின் கூடு சுமார் 56 மி.மீ. நீளம், உங்களுடையது 50 மி.மீ.தான். ஆனால் அடிப்பக்கம் .303-ஐ விடத் தடிமன்: இது சுமார் 12.5, அது 11.7. மேகசீனின் உதடுகள் தோட்டாவை எந்த உயரத்தில் பிடிக்கின்றன, எந்த இடத்தில் விடுகின்றன என்பதெல்லாம் இந்த அளவுகளை வைத்துத்தான். வேறு அளவுக்கு வளைத்த உதடு இரண்டு தோட்டாவைப் போட்டுக் காட்டி நம்ப வைக்கும், மூன்றாவதில் கழுத்தறுக்கும். போதாக்குறைக்கு, அது தடை செய்யப்பட்ட ரகத்தின் பாகம். கையில் வைத்திருப்பதே வம்பு. பட்டாளத்து 7.62 ரைஃபிளின் மேகசீனும் அதே கதைதான்.

சோதனைக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. வீட்டில் உயிருள்ள தோட்டாவைப் போட்டு போல்ட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்காதீர்கள். இந்த ஆக்‌ஷனில் போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போதே தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஸ்ட்ரைக்கர் இழுபட்டு நிற்கும். ட்ரிகர் பாகம் தேய்ந்திருந்தால் மூடிய நொடியிலேயே வெடிக்கலாம். அடுக்குமாடி வீட்டுச் சுவர் ரைஃபிள் குண்டை நிறுத்தாது. வீட்டுச் சோதனைக்கு, சுட்டு முடித்த காலிக் கூடுகள் ஐந்து போதும். குண்டு இல்லாததால் மூக்கு எங்கே இடிக்கிறது என்பதை அவை காட்டாது. விளிம்பு, உதடு, ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் எல்லாவற்றையும் காட்டும். மருந்து இல்லாத டம்மித் தோட்டா வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள டீலரிடம் கேளுங்கள். தோட்டாவைப் பிரித்து நீங்களே செய்யப் பார்க்காதீர்கள்.

இப்போது நீங்கள் சொன்ன கடைசி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மூடும்போது கடைசியில் வரும் இறுக்கம் கோளாறே அல்ல. மேலே சொன்னபடி, கடைசி ஓர் அங்குலத்தில் நீங்கள் தள்ளுவது ஸ்ட்ரைக்கரின் மெயின் ஸ்பிரிங்கை எதிர்த்து. மேகசீனைக் கழற்றிவிட்டு, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, வெறும் போல்ட்டை மூடிப் பாருங்கள். அதே இறுக்கம் இருந்தால் அது இயல்பு. தோட்டா இருக்கும்போது மட்டும் கூடுதலாக இறுகினால் சேம்பரைப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். இந்த இறுக்கத்துக்குப் பயந்து பலர் போல்ட்டை மெதுவாக, தயங்கித் தயங்கி இயக்குகிறார்கள். அந்தத் தயக்கமே பாதிச் சிக்கலுக்குக் காரணம். பின்னால் இழுக்கும்போது முட்டி நிற்கும் வரை இழுக்காவிட்டால், போல்ட்டின் முகம் அடுத்த தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போகாது. விளிம்பைப் பிடிக்க முடியாத போல்ட், தோட்டாவின் உடம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதுதான். அடுத்த முறை ரேஞ்சில் ஐந்து தோட்டாவையும் முழு இழுப்பு, முழுத் தள்ளு என்று போட்டுப் பாருங்கள். 'வழுக்கல்' மறைந்தால் செலவில்லாமல் ஒரு பாதி தீர்ந்தது.

இனி இந்தப் பதிலின் முக்கியமான கேள்வி. எத்தனையாவது தோட்டா சிக்குகிறது? ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை நிரப்பினீர்கள், எத்தனையாவது சிக்கியது, மூக்கு கீழே இடித்ததா மேலே இடித்ததா, இடப்பக்கத்திலிருந்து வந்ததா வலப்பக்கத்திலிருந்தா. நான்கைந்து முறை நிரப்பிச் சுட்டால் ஒரு ஒழுங்கு தெரியும்.

ஐந்து நிரப்பினால் மேல் தோட்டாவே நகர மறுத்து, மூன்று நிரப்பினால் நன்றாகப் போனால், ஒன்று விளிம்புகள் மாட்டிக்கொள்கின்றன, அல்லது ஸ்பிரிங் அடியில் நெரிபடுகிறது. மாறாக, முதலில் நன்றாகப் போய்க் கடைசி இரண்டில் தகராறு வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மேகசீன் காலியாக ஆக ஸ்பிரிங் விரிந்து பலம் குறையும். கடைசித் தோட்டாவைத்தான் அது ஆக மெலிந்த கையால் தூக்குகிறது. எப்போதும் ஒரே இடம், உதாரணமாக மூன்றாவது மட்டும் என்றால், மேகசீன் சுவரில் அந்த ஆழத்தில் ஒரு நசுங்கலோ துருவோ இருக்கும். தோட்டாக்களை இரண்டு வரிசையாக அடுக்கும் மேகசீனாக இருந்து, ஒன்று விட்டு ஒன்று சிக்கினால், ஒரு பக்கத்து உதடுதான் கெட்டிருக்கிறது. ஒற்றைப்படைத் தோட்டாக்கள் ஒரு உதட்டிலிருந்தும் இரட்டைப்படை மறு உதட்டிலிருந்தும் வருவதால் இப்படி. லீ குடும்பத்தில் ஒற்றை வரிசை மேகசீனும் உண்டு, இரட்டை வரிசையும் உண்டு. மேலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறி மாறிச் சிக்கினால், நிரப்பும் விதத்தையோ மேகசீன் கொக்கியையோ சந்தேகப்படுங்கள்.

உங்கள் கடிதத்தில் 'முதல் இரண்டு போகிறது, பிறகு ஏதாவது ஒன்று' என்று இருப்பதால் என் சந்தேகம் இரண்டு இடத்தில்: நிரப்பும் விதம், ஸ்பிரிங். அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

.315 விளிம்புத் தோட்டா. அடியில் உடம்பைவிட அகலமான வட்ட விளிம்பு இருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்பில் கொக்கி போல மாட்டி அதையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் சேர்ந்து நகரும், மூக்கு தாழும், இடிக்கும். நல்ல நிலையில் உள்ள மேகசீன் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பழையது பொறுக்காது. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவையும் நேராக மேலிருந்து அமுக்காமல், விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னால் இறங்குகிறதா என்று பார்த்து அமுக்குங்கள். நிரப்பி முடித்ததும் மேகசீனின் பின்பக்கத்தை உள்ளங்கையில் தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. பின்னால் தட்டினால் எல்லா விளிம்பும் பின்சுவரை நோக்கி ஓடும். கவனமாக அடுக்கியதைக் கலைக்கும். அதை விட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்கைப் பார்க்க மேகசீனைக் கழற்றுங்கள். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, தோட்டாவைத் தாங்கும் தட்டைக் கட்டைவிரலால் அடிவரை அமுக்கி விடுங்கள். 'டப்' என்று உதடு வரை வந்து முட்ட வேண்டும். வழியில் எங்காவது தயங்கினாலோ ஒரு பக்கம் சாய்ந்து ஏறினாலோ அந்த ஆழத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மேகசீனை இடமும் வலமும் சாய்த்து மறுபடி பாருங்கள். தட்டின் ஓரங்களில் கறுப்பு மார்க்கர் தடவிப் பத்து முறை அமுக்கி விட்டால், உரசும் இடத்தில் மை அழிந்திருக்கும். மேகசீன் சுவரின் உள்நசுங்கலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தட்டை வெளியே எடுக்க, அதன் பின்பக்கத்தை ஆழமாக அமுக்கினால் முன்முனை முன் உதடுகளிலிருந்து விடுபட்டு மேலே வரும். எடுக்குமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் முன்னே என்பது பிறகு மறந்துவிடும். பட்டையான, மடிப்பு மடிப்பான ஸ்பிரிங் கூடவே வரும். மடிப்பு மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து நீட்டுகிற வைத்தியம் நாலு நாள் தாங்கும். மடிப்பில் ஒடிவதற்கும் அதுவே வழி. தளர்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

சென்னையில் இன்னொரு பொதுவான காரணம் உண்டு: எண்ணெய். அப்பா காலத்து வழக்கமாகத் தேங்காய் எண்ணெய் போட்டிருந்தால், வருடக்கணக்கில் அது பிசினாகி மேகசீன் சுவரில் மஞ்சள் படலமாக ஒட்டியிருக்கும். கெட்டி கிரீஸும் அப்படியே. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் போல்ட் காடியில் காய்ந்து கிடப்பதும் அபூர்வமல்ல. பொட்டு வைக்க வேண்டுமென்றால் மரக்கட்டையில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மண்ணெண்ணெயில் ஊறிய துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மேகசீனின் உள்பக்கத்தையும் தட்டையும் ஸ்பிரிங்கையும் சுத்தம் செய்து, உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு, அந்தத் துணியால் ஒரு தடவு. அவ்வளவுதான். மேகசீனுக்குள் எண்ணெய் ஓடக் கூடாது. தூசியைப் பிடித்து வைக்கும், தோட்டாவிலும் ஏறும். எண்ணெய் ஏறிய தோட்டா வெடிக்கும்போது சேம்பர் சுவரைப் பிடிக்காமல் போல்ட் மேல் கூடுதல் விசையோடு மோதும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, மேகசீன் கொக்கி. ட்ரிகர் கார்டுக்குள், ட்ரிகருக்கு முன்னால் இருந்து மேகசீனைத் தாங்கி நிற்பது. இது தேய்ந்தால் மேகசீன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தாழ்ந்து தொங்கும். அது போதும், போல்ட் முகம் விளிம்பைத் தவறவிட. சோதனை எளிது. காலிக் கூடுகளை நிரப்பி, மேகசீனை அடியிலிருந்து கட்டைவிரலால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் தள்ளுங்கள். அழுத்தும்போது எடுக்கிறது, விட்டால் வழுக்குகிறது என்றால் குற்றவாளி கொக்கி, அல்லது மேகசீனின் முதுகில் உள்ள பிடிப்பு மேடு. இதை நீங்கள் தொடாதீர்கள். இந்த ஆக்‌ஷனில் கொக்கியைத் தள்ளும் ஸ்பிரிங்கும், ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைக்கும் ட்ரிகர் சியரைத் தள்ளும் ஸ்பிரிங்கும் ஒன்றேதான். அங்கே கை வைத்தால் துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்பதிலும் கை வைக்கிறீர்கள்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியிருப்பீர்கள். அதற்குப் பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால் மேகசீன் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். இந்த மேகசீன்கள் அந்தந்தத் துப்பாக்கிக்கு என்று உதடு சரிசெய்து பொருத்தப்பட்டவை; அடுத்தவர் மேகசீன் மாட்டும், ஆனால் ஊட்டாது. இன்னொன்று: பழைய பி.எஸ்.ஏ. துப்பாக்கி சிலவற்றில் வலப்பக்கம் உள்ளே தள்ளும் ஒரு கட்-ஆஃப் தகடு இருக்கும். அது உள்ளே இருந்தால் போல்ட் மேகசீனைத் தொடாமல் மேலேயே போகும். உங்கள் இஷாப்பூரில் அந்தத் தகடு இல்லையென்றால் இதை மறந்துவிடுங்கள்.

இப்போது சேம்பர். காலிக் கூடு ஒன்றை விரலால் சேம்பருக்குள் விடுங்கள். தன் எடையில் உள்ளே போக வேண்டும், நகத்தால் நெம்பினால் வெளியே வர வேண்டும். அதே துப்பாக்கியில் சுட்ட கூடாக இருப்பது நல்லது. ஒட்டினால் கரியோ துருவோ இருக்கிறது. கடற்காற்று ஊரில், கேன்வாஸ் உறையோடு பீரோவில் வைத்த துப்பாக்கியில் துரு வர ஒரு மழைக்காலம் போதும். உறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். உறை வெளியே கொண்டுபோக மட்டும், வைப்பதற்கு அல்ல. சேம்பர் அளவு பிரஷ், சால்வென்ட், அப்புறம் ஃபிளானல் துணி. உப்புத்தாள் கூடவே கூடாது.

எக்ஸ்ட்ராக்டரையும் விட்டுவிடாதீர்கள். போல்ட்டை முழுதும் பின்னால் இழுத்து, போல்ட் தலையை மேல்நோக்கித் திருப்பினால் பிடியிலிருந்து விடுபட்டு வெளியே வரும். காலிக் கூட்டின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் மாட்டி லேசாக ஆட்டுங்கள், விழக் கூடாது. விழுந்தால் நகம் உடைந்திருக்கிறது அல்லது அதன் ஸ்பிரிங் போய்விட்டது. இது ஊட்டும் கோளாறாகவே வெளியே தெரியும்: சுட்ட கூடு சேம்பரிலேயே தங்கிவிட, அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டி நிற்கும். தங்கியது சுடாத தோட்டாவாக இருந்தால், பின்னால் வரும் குண்டின் மூக்கு அதன் அடியில் உள்ள, குத்தினால் வெடிக்கும் பிரைமரை நோக்கிப் போகும். அதனால்தான் சிக்கியதும் இன்னும் பலமாகத் தள்ளக் கூடாது என்பது. போல்ட் தலை தனியாகத் திருகி மாட்டியது. சுத்தம் செய்யும்போது அதைக் கழற்றிவிட்டால் தளர்வாக விட்டு மாட்டாதீர்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாற்றிப் போடவும் வேண்டாம். போல்ட்டிலும் துப்பாக்கி உடம்பிலும் அடித்திருக்கும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ரேஞ்சில் சிக்கினால் செய்ய வேண்டியது: குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. முதலில் மேகசீனைக் கழற்றுங்கள், பிறகு போல்ட்டைப் பின்னால் இழுங்கள். பெரும்பாலும் தோட்டா கீழே விழுந்துவிடும். குழல் வழியாகக் கம்பி விட்டுத் தட்டாதீர்கள். வெளியே எடுத்த தோட்டாவைப் புதியது ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். மூக்கு இடித்த வேகத்தில் குண்டு கூட்டுக்குள் அழுந்தியிருந்தால் அதைச் சுடக் கூடாது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். தோல் பெல்ட்டில் செருகி வைத்திருந்த பழைய தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். விளிம்பில் ஏறிய களிம்பும் சிக்கலுக்குக் காரணம். அவற்றைத் தேய்த்துச் சுடுவதைவிட டீலரிடம் ஒப்படைத்து, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

மிச்சம் இருப்பது உதடும் சரிவும். சரிவை அராவுவது வேண்டவே வேண்டாம். அங்கே போன உலோகம் திரும்ப வராது. மூக்கு இடிப்பதற்குச் சரிவு காரணமாக இருப்பது மிகவும் அபூர்வம், தோட்டா தவறான உயரத்தில் வருவதே காரணம். உதட்டைப் பொறுத்தவரை நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பின் உதடு அகன்றால் தோட்டா சீக்கிரம் விடுபட்டு மேலே துள்ளும், மூக்கு சேம்பரின் மேல் விளிம்பில் இடிக்கும். நெருங்கினால் தாமதமாக விடுபட்டு, மூக்கு தாழ்ந்து கீழே இடிக்கும். முன் உதடு மூக்கின் உயரத்தைக் கட்டுப்படுத்தும். நீங்கள் செய்யக்கூடியது, மேகசீனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, வேரில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. விரிசல் இருந்தால் அந்த மேகசீன் கதை முடிந்தது. வளைப்பதை, டம்மித் தோட்டாவும் பல் இல்லாத வழவழப்பான இடுக்கியும் உள்ள துப்பாக்கி மெக்கானிக், அதாவது ஆர்மரர், செய்யட்டும். அவர் ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளைப்பார், ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்ப்பார். கெட்டிப்படுத்திய எஃகு, இப்படியும் அப்படியுமாக நாலு முறை வளைத்தால் ஒடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் கேட்கிறது. வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது. துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உங்கள் வேலை. வளைப்பது, அராவுவது, பாகம் மாற்றுவது பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ளவரின் வேலை. தெருமுனை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் உங்களோடு சேர்ந்து அவரும் மாட்டுவார்.

டீலரிடம் போகும்போது துப்பாக்கி காலியாக, உறைக்குள் இருக்கட்டும். லைசென்ஸ் கையில் இருக்கட்டும். மேகசீனோடு அந்தத் தாளையும் கொடுங்கள்: எத்தனை நிரப்பி எத்தனையாவது சிக்கியது, மூக்கு எங்கே இடித்தது, அடியில் அழுத்தினால் சரியாகிறதா இல்லையா. 'சிக்குது சார்' என்று மட்டும் சொன்னால் அவர் உதட்டிலிருந்து ஆரம்பிப்பார். தாளைப் பார்த்தால் ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பிப்பார். விட்டுவிட்டு வரும்போது துப்பாக்கி எண், மேகசீன் எத்தனை, விட்ட தேதி மூன்றும் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்கும்போது அங்கேயே டம்மித் தோட்டா ஐந்தையும் போட்டு, ஐந்தாவது வரை போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.